அண்டை நாடு ஜெயித்த பட்டிமன்றம்

பட்டிமன்ற நடுவர் நாற்காலிக்கு ஆசைப்படும் பிள்ளைகளே, அதில் உட்கார அறிவு வேண்டும், தமிழ் வேண்டும், நகைச்சுவை வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் வேண்டியது நல்ல சிறுநீர்ப்பை. பேச்சாளர் பேசி முடித்ததும் நைசாக இறங்கிப் போய்விடலாம். நடுவர் போக முடியாது. விழா முடிகிறவரை சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அதிலும் பெண்ணாகப் பிறந்து தொலைத்துவிட்டால், மேடைக்குப் பின்னால் என்ன வசதி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் சோடாவையே தொட வேண்டும். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

இரண்டாவதாக வேண்டியது சந்தேக புத்தி. தலைப்பைக் கேட்டதும் ‘ஆகா, அருமையான தலைப்பு’ என்று தலையாட்டக் கூடாது. இதைக் கொடுக்கும் மனிதர் யார், எதற்காகக் கொடுக்கிறார், என் வாயை வாடகைக்கு எடுத்து யாரை அடிக்கப் பார்க்கிறார் என்று யோசிக்க வேண்டும். எனக்கு அந்த புத்தி வந்தது ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். பேட்டைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது எனக்குப் பகலில் தொலைபேசி நிலையத்தில் வேலை. பகலெல்லாம் ஊராருக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் மேடையேறி ஊராரை இரண்டு அணியாகப் பிரித்து வைப்பேன். அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமையில் பட்டிமன்றம் இல்லாமல் ஒரு விழா நடக்காது. கோவில் கொடையில் உண்டு, பள்ளி ஆண்டு விழாவில் உண்டு, வசதியான வீட்டுக் கல்யாணத்தில்கூட உண்டு. எனக்கு முன்னால் எங்கள் குழுவில் நடுவராக இருந்த அண்ணாச்சி இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். மாமியாரா மருமகளா, பணமா பாசமா, எதைக் கொடுத்தாலும் அவருடைய தீர்ப்பு ஒன்றுதான்: வாழ்க்கைக்கு இரண்டும் வேண்டும். ஏன் அண்ணாச்சி எப்போதும் இதையே சொல்கிறீர்கள் என்று கேட்டால், “ரெண்டு பக்கத்துக்காரனும் சேந்துல்லா நமக்குச் சோறு போடுதான், ஒருத்தன எப்படித் தள்ள?” என்பார். அவருக்குத் தொண்டை கட்டி, நாற்காலி எனக்கு வந்தது. கொஞ்ச நாள் நானும் அவருடைய தீர்ப்பையே சொல்லிக் காலத்தை ஓட்டினேன். பொய் சொல்வானேன், சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஹாஜியார் என் வீட்டுக்கு வந்தார். நான் சொன்ன பள்ளிக்கூடத்தின் தாளாளர் அவர். ‘அரசு உதவி பெறும் பள்ளி’ என்று பலகையில் எழுதியிருப்பார்களே, அந்த வகைப் பள்ளி. ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு கொடுக்கும். கட்டடம், நிர்வாகம் எல்லாம் தாளாளர் பொறுப்பு. ஹாஜியார் சின்ன வயதில் கொழும்பில் வளர்ந்தவர். அவருடைய வாப்பாவுக்கு அங்கே கடை இருந்தது. பிறகு இங்கே வந்து பீடிக் கம்பெனி தொடங்கி நன்றாக வந்துவிட்டார். நல்ல மனிதர், தாராளமான கை. சாவி, காசு எல்லாம் இடுப்பு வாரின் பைக்குள்தான் இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் கொழும்புதான். தேங்காய் துருவுகிற பேச்சு வந்தால்கூடக் கொழும்பில் எப்படித் துருவுவார்கள் என்று சொல்லாமல் விடமாட்டார்.

“கல்விக்குக் கூடுதலாச் செலவழிக்கது இந்திய அரசா, இலங்கை அரசா? எப்படியிருக்கும்மா தலைப்பு?” என்றார்.

“ஹாஜியார், நீங்க கேக்கது பட்டிமன்றமா, பட்ஜெட்டா?”

“சிரிக்காதீங்கம்மா. எங்க ஸ்கூலு பத்தாம் வகுப்போட நிக்கி. பதினொண்ணு, பன்னெண்டு வேணும்னு எழுதிப் போட்டு வருசம் மூணாச்சு. ஒண்ணும் நடக்கல. ஆண்டு விழாவுக்குக் கல்வி அதிகாரியக் கூப்பிட்டிருக்கேன். அவர முன்னால உக்கார வச்சி, கடலுக்கு அந்தப் பக்கம் எப்படிச் செலவழிக்காங்கன்னு காதுல ஏத்தணும். மனுசனுக்குச் சுருக்குன்னு தைக்கணும்.”

“அப்ப தீர்ப்பு?”

“இலங்கைதான்.”

“தீர்ப்ப முன்னாடியே பேசுத பழக்கம் எங்கட்ட இல்ல ஹாஜியார்.”

“நீங்க பேச வேண்டாம். மனசுல வச்சிக்கிடுங்க, போதும்” என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, கொழும்புக் காப்பியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் கல்வித்துறைமேல் கோபம்தான் வந்தது. காரணம் இருக்கிறது. பத்தாவது முடித்த பெண்பிள்ளையைப் பஸ் ஏற்றிப் பாளையங்கோட்டைக்குப் படிக்க அனுப்ப அந்தத் தெருக்களில் பல வீடுகள் அன்றைக்குத் தயாராக இல்லை. உள்ளூரிலேயே மேல்வகுப்பு இருந்தால் பிள்ளை படிக்கும். இல்லையென்றால் சொளவு. முறத்தைத்தான் நம் பக்கம் சொளவு என்போம். அதில் இலையையும் புகையிலைத் தூளையும் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுவார்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கின பிள்ளையும் கடைசியில் பீடிக்கட்டைத்தான் எண்ண வேண்டும். இப்படி ஒரு நியாயம் இருக்கும்போது தலைப்புக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்குமோ என்று யார் யோசிப்பார்? நானும் யோசிக்கவில்லை.

நோட்டீஸ் அடித்து ஒட்டிய மறுநாளே வம்பு வந்தது. ‘இலங்கை’ என்ற சொல்லைப் பார்த்ததும் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்துவிட்டார். காலம் அப்படி; அங்கே சண்டை, இங்கே கெடுபிடி. கூட்டத்தில் என்ன பேசப் போகிறீர்கள் என்றார். பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் எவ்வளவு செலவழிக்கிறது என்று பேசப் போகிறோம் என்றார் ஹாஜியார். “அதப் பேசுததுக்கு எதுக்குங்க இலங்கை? மேல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?” என்று அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் ஹாஜியார் செலவைப் பார்க்காமல் நோட்டீஸை மறுபடி அடித்தார். ‘கல்விக்கு அதிகம் செலவழிப்பது இந்திய அரசா? அண்டை நாட்டு அரசா?’ போலீஸ்காரர் நிம்மதியாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். மேடையிலும் அண்டை நாடு என்றுதான் சொல்ல வேண்டும், மறந்துபோய்க்கூட அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். கொழும்பு என்று சொல்லலாமா கூடாதா என்பதை மட்டும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிள்ளைகளே, பேச்சாளருக்குத் தலைப்பை நேரில் சொல்லுங்கள். நோட்டீஸை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். விழா அன்றைக்குச் சாயங்காலம் அண்டை நாட்டு அணித் தலைவர் வள்ளியூரிலிருந்து வந்து இறங்கினார். தொழிலில் வக்கீல், மேடையில் புலி. வரும்போதே முகத்தில் ஒரு பெருமிதம்.

“மேடம், நேபாளத்தப் பத்தி ஒருத்தரும் பேசாத விசயமெல்லாம் வச்சிருக்கேன். இன்னிக்கு ஒரு பிடி பிடிச்சிருவோம்” என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் காது அடைத்துவிட்டது. “நேபாளமா? எதுக்கு சார் நேபாளம்?”

“அண்டை நாடுன்னுல்லா போட்டிருந்தீங்க. எதுன்னு போடலையே. சீனாவப் பேசுனா ஒரு மாதிரிப் பாப்பான். பாகிஸ்தானப் பேசுனா உள்ள தூக்கி வச்சிருவான். மத்ததுக்கு லைப்ரரியில புஸ்தகம் கெடைக்கல. நேபாளத்துக்குத்தான் கெடச்சிச்சி.”

“வள்ளியூர்ல இருந்துக்கிட்டு நேபாளத்த அண்டை நாடுங்கீங்களே, நியாயமா சார்? ராத்திரி ரேடியோவத் திருப்புனா கேக்குமே, அந்த நாடு ஞாபகத்துக்கு வரலையா?”

பெயரைச் சொல்லக் கூடாது என்ற ஒப்பந்தத்தையும் சொன்னேன். வக்கீல் அசரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பேரத்தான் சொல்லக் கூடாதுங்காங்களே, பெறகென்ன? அண்டை நாடு, அண்டை நாடுன்னே அடிச்சி விட்டுருதேன். கட்சிக்காரன் மாறுனா வாதமா மாறும்?” என்றார்.

மேடை ஏறுமுன் தலைமையாசிரியை என்னைப் பார்க்க வந்தார். கெட்டிக்காரப் பெண்மணி, அளந்து பேசுவார். கூடவே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். “இந்த வருசமும் உத்தரவு வரலைன்னா, இந்தப் பிள்ளைகள ஜூன் மாசம் நான் தெருவுல சொளவோடதான் பாக்கணும் மேடம்” என்று மட்டும் சொன்னார். முன்னால் நின்ற பிள்ளையின் பெயர் மைமூன். துருதுருவென்று இருந்தாள். “நடுவர் மேடம், நீங்க தீர்ப்பு சொன்னா எங்களுக்குப் பதினொண்ணாங் கிளாசு வந்துருமா?” என்று கேட்டாள். மாமியாரா மருமகளா என்று தீர்ப்புச் சொல்லிப் பிழைக்கிற எனக்கு இப்படி ஒரு கேள்வியை யாரும் வைத்ததில்லை. “பாப்போம்மா” என்றேன். வேறென்ன சொல்ல?

பள்ளி மைதானத்தில் பந்தல். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து தொடங்கி, சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் பாங்கு சொல்லுமுன் முடித்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். பாதிப் பெண்கள் மடியில் சொளவோடு உட்கார்ந்திருந்தார்கள். காது இங்கே இருக்கும், கை பாட்டுக்குப் பீடி சுற்றும். மேடையில் ஓரமாகக் கல்வி அதிகாரி. ஒல்லியான, சாதுவான மனிதர். கொடுத்த பூச்செண்டைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் வரவேற்புரையிலேயே ஆரம்பித்துவிட்டார். “நான் கொழும்புல படிச்சேன். எங்க வாப்பா எனக்காக ஒரு சதம் பீஸு கட்டல. அவங்க நாட்டுப் பிள்ள கூட இல்ல நான். ஆனாலும் அந்த அரசாங்கம் என்னப் படிக்க வச்சிச்சி!” என்று சொல்லிவிட்டு, அதிகாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இறங்கி முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வக்கீல் எழுந்தார். முதல் கால்மணி நேரம் அமர்க்களம். அண்டை நாடு, அண்டை நாடு என்று அடித்து விளாசினார். கூட்டம் கை தட்டியது. கைதட்டல்தான் பேச்சாளனுக்குக் கெடுதல். உற்சாகத்தில் நேபாளம் எட்டிப் பார்த்துவிட்டது. “பனி மூடிய சிகரங்கள்! அந்தப் பள்ளத்தாக்கிலே, சடை எருதாம் கவரிமாவின் முதுகில் புத்தக மூட்டையை ஏற்றிக்கொண்டு போகிறது அண்டை நாட்டு அரசாங்கம்!”

ஹாஜியாருக்குப் பொறுக்கவில்லை. “கொழும்புல ஏதுவே கவரிமா?” என்று எழுந்துவிட்டார்.

வக்கீல் கண்ணை இமைக்கவில்லை. “கொழும்பில் இல்லை ஐயா, நுவரெலியாவில்!”

“நுவரெலியாவுல நான் தேயில வாங்கப் போயிருக்கேன். அங்கன மாடு உண்டு, ஆடு உண்டு…” என்று தொடங்கியவருக்கு, பேசுகிறவர் நம் கட்சி ஆளாயிற்றே என்பது உறைத்துவிட்டது. “இருக்கும், இருக்கும். இப்ப விட்டுருப்பாங்க” என்று உட்கார்ந்துகொண்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இந்திய அணிக்குத் தலைவர் பாளையங்கோட்டையில் பொருளாதாரம் கற்பிக்கும் பேராசிரியர். அவர் நிதானமாக வந்தார். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு உருப்படியாகப் பேசியவர் அவர்தான். “எதிரணித் தலைவர் ஒரு பிள்ளைக்கு இத்தனை ரூபாய் என்றாரே, எந்த ரூபாய்? நம் ரூபாயா, அவர்கள் ரூபாயா? இரண்டுக்கும் பெயர் ஒன்று, மதிப்பு வேறு. அடுத்தது, எந்த அரசு? அங்கே இருப்பது ஒரே அரசு. இங்கே பள்ளிக்கூடச் செலவில் பெரும்பங்கு மாநிலத்தின் தலையில். டெல்லிக் கணக்கை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு இந்தியா கஞ்சம் என்றால், மூத்த மகன் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் குடும்ப வருமானமே இவ்வளவுதான் என்பதைப் போல” என்றார். கூட்டத்துக்கு அது பிடித்திருந்தது. அந்த வேகத்தில், “எனவே நாட்டு வருமானத்தில் கல்விக்கு எத்தனை சதம் என்று பார்ப்பதே முறை. நாம் எடுத்துவைக்கும் அந்தச் சதம் இருக்கிறதே…” என்றாரோ இல்லையோ, ஹாஜியார் மறுபடி எழுந்தார்.

“சதமா? சதத்த வச்சிக்கிட்டுக் கொழும்புல ஒரு வெத்தல வாங்க முடியாதுவே! அதையா பிள்ளைகளுக்கு எடுத்து வச்சீங்க?”

நாம் நூற்றுக்கு இவ்வளவு என்பதைச் சதம் என்கிறோம். கொழும்பில் சதம் என்றால் நம் பைசா மாதிரி சில்லறைக் காசு. பேராசிரியர் விளக்கிப் பார்த்தார். யார் கேட்கிறார்கள்? பெண்கள் பக்கத்தில் சிரிப்பு அடங்கவில்லை. பேராசிரியர் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற இரண்டு பேச்சாளர்களும் அவரவர் பங்குக்கு முழங்கினார்கள். எல்லா அடியும் சுற்றிச் சுற்றிக் கல்வி அதிகாரியின் தலையில்தான் விழுந்தது. பாவம், அவர் பூச்செண்டிலிருந்து ஒவ்வொரு இதழாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்புக்கு என்னிடம் மைக் வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வழக்கமான ‘இரண்டும் வேண்டும்’ இந்தத் தலைப்புக்குப் பொருந்தாது. இந்தியா என்று சொன்னால் ஹாஜியாருக்குக் கோபம். அண்டை நாடு என்று சொன்னால் அதிகாரிக்கு அவமானம், கோப்பு இன்னும் அடியில் போகும். எதிரே மைமூன் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குள் ஒரு குறும்பு புத்தி எப்போதும் உண்டு, அது அந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

“தீர்ப்புக்கு முன்னால் ஒரு சாட்சியை விசாரிக்க வேண்டியிருக்கிறது” என்றேன். பட்டிமன்றத்தில் சாட்சியா என்று கூட்டம் நிமிர்ந்தது. “இவ்வளவு நேரமும் அரசாங்கம், அரசாங்கம் என்று பேசினோம். அந்த அரசாங்கம் நம் மேடையிலேயே பூச்செண்டோடு உட்கார்ந்திருக்கிறது. ஐயா, கொஞ்சம் மைக்குக்கு வாருங்கள்.”

அதிகாரி பூச்செண்டோடே வந்தார். அவரைக் கொஞ்சம் சீண்டி, கூட்டத்தின் முன்னால் ‘செய்கிறேன்’ என்று ஒரு வார்த்தை வாங்கிவிடலாம் என்பதுதான் என் திட்டம்.

“இந்தப் பிள்ளைகளுக்கு மேல்வகுப்புத் தர அரசுக்கு மனசு இல்லையா, காசு இல்லையா ஐயா?”

அவருக்கு அலுவலகத் தமிழ்தான் வரும். “மேற்படி பள்ளியைத் தரம் உயர்த்துவதில் துறைக்கு ஆட்சேபணை ஏதுமில்லை” என்றார்.

கூட்டத்தில் சலசலப்பு. நானும் ஒரு நொடி தடுமாறினேன். “பிறகு ஏன் உத்தரவு வரவில்லை?”

“கூடுதல் வகுப்பறைகள் இரண்டை நிர்வாகம் காட்ட வேண்டும் என்பது விதி.”

“காட்டவில்லையா?”

“காட்டப்பட்டது.”

“அப்புறம் என்னய்யா?”

“காட்டப்பட்ட இரண்டு அறைகளும் பூட்டப்பட்டிருந்தன. சாவி கோரப்பட்டது. பலமுறை கோரப்பட்டது.” பூச்செண்டைக் கை மாற்றிக்கொண்டார். “சாவி வரப்பெறவில்லை.”

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் பட்டென்று வந்தது. “எந்த ரூமு? வேப்பமரத்துக்கிட்ட இருக்கே, அந்த ரெண்டு ரூமா? எம்மா, அதுலதான நம்ம தூளும் எலையும் கெடக்கு! நேத்துகூட அங்கனதான எட போட்டு வாங்கிட்டு வந்தேன்!”

பீடி சுற்றிக்கொண்டிருந்த கைகள் அத்தனையும் நின்றுவிட்டன. விதி அதிகாரிக்குத் தெரியும். அறைக்குள் என்ன கிடக்கிறது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்கிற சந்தர்ப்பம் அந்த ஊருக்கு அன்றைக்கு வரை வாய்க்கவில்லை. “அப்பம் தடுத்தது கெவருமெண்டு இல்லையா? நம்ம ஹாஜியாரா?” என்று இன்னொருத்தி கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, நம்ப முடியாமல்தான் கேட்டாள். எனக்கு அதுதான் வலித்தது.

ஹாஜியார் எழுந்தார். முகம் செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. “சீசன் முடியட்டும்னுதான்… ஒவ்வொரு வருசமும் இந்தா எடுத்துருதேன், எடுத்துருதேன்னு…” என்றார். தலைமையாசிரியை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது முன்பே தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தெரிந்து என்ன செய்ய, தாளாளரை எதிர்த்து எந்தத் தலைமையாசிரியை பேச முடியும்?

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஹாஜியாரை அந்த மேடையிலேயே நாராகக் கிழித்துப் போட்டிருப்பேன். மூன்று வருடத்துப் பிள்ளைகளை மூட்டைக்காகச் சொளவில் தள்ளிவிட்டு, அடுத்தவனைக் கஞ்சன் என்று சொல்ல மைக் செட்டுப் போட்டிருக்கிறார்! கிழித்திருந்தால் கைதட்டல் கூரையைப் பிய்த்திருக்கும். ஆனால் அந்தப் பந்தலில் பாதிப் பேருக்கு வேலை கொடுப்பவர் அவர். அவமானப்பட்ட பணக்காரன் வீம்புக்குப் பூட்டுமேல் பூட்டுப் போடுவான். சரி, சிரித்து மழுப்பிவிடலாமென்றால், நாளைக் காலையில் எல்லாம் பழையபடிதான். இரண்டு வழியிலும் மைமூனுக்கு ஒன்றுமில்லை. பாங்குக்கு நேரமாகிறது என்று பள்ளிவாசல்காரர் ஓரத்தில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். நான் சோடாவை எடுத்து மடமடவென்று குடித்தேன். வருகிறது வரட்டும்.

“தீர்ப்புச் சொல்கிறேன்” என்றேன். “இரண்டு நாட்டுச் செலவையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்று பேராசிரியர் சொன்னார். சரி. அதனால் நான் செலவைப் பார்க்கப் போவதில்லை, விளைச்சலைப் பார்க்கப் போகிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு அரசாங்கம், தன் நாட்டுப் பிள்ளைகூட இல்லாத ஒரு திருநெல்வேலிப் பையனைக் காசு வாங்காமல் படிக்க வைத்தது. அந்தப் பையன் இதோ நிற்கிறார், ஹாஜியார். அவரைப் படிக்க வைத்ததில் என்ன விளைந்தது? இந்தப் பள்ளிக்கூடம் கிடைத்தது. பத்தாவது வரை கிடைத்தது. மிச்சம் அந்த இரண்டு அறையில் இருக்கிறது.”

ஹாஜியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த அறைகள் திறந்தால், கொழும்பில் போட்ட காசு பேட்டைப் பக்கம் வந்து விளைந்திருக்கிறது, அப்படிச் செலவழித்த அரசுக்கு ஈடு கிடையாது, அண்டை நாடு ஜெயித்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். திறக்காவிட்டால், அவ்வளவு செலவழித்தும் பயன் புகையிலைக்குத்தான் போயிற்று, அண்டை நாடு தோற்றது. இந்தியா எவ்வளவு கொடுத்தது, கொடுக்கவில்லை என்ற பேச்சே இதில் இல்லை. தீர்ப்பு என் கையில் இல்லை, ஐயாவுடைய பூச்செண்டிலும் இல்லை. ஹாஜியார் இடுப்பு வாரில் இருக்கிறது.”

மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இந்தக் குழுவுக்கு இனிமேல் இந்தப் பக்கம் யாரும் தாம்பூலம் வைக்க மாட்டார்கள் என்றே நினைத்தேன். ஹாஜியார் அப்படியே நின்றார். பெண்கள் பக்கம் பார்த்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு சட்டையைத் தூக்கி, அகலமான பச்சை இடுப்பு வாரின் பைக்குள் கையை விட்டார். மேடை ஏறி நேரே அதிகாரி முன்னால் போய்ச் சாவிக்கொத்தைத் தட்டென்று மேசைமேல் போட்டார்.

“கொழும்பத் தோக்க விடமாட்டேன்வே!” என்றார், கண் கலங்க. “இந்தாரும் சாவி. வரப்பெற்றதுன்னு எழுதிக்கிடும்!”

அந்தச் சத்தத்தை என் மேடை வாழ்க்கையில் அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. சொளவைக் கீழே வைத்துவிட்டுப் பெண்கள் கை தட்டினார்கள். வக்கீல் ஓடிவந்து, “மேடம், என் அணிதான ஜெயிச்சிருக்கு?” என்று உறுதி செய்துகொண்டார். அந்தக் கவலை அவருக்கு. பாங்கு சொல்லிவிட்டார்கள், கூட்டம் கலைந்தது.

வண்டி ஏறும்போது ஹாஜியார் வந்தார். “கூப்பிட்டது நானு, பந்தல் போட்டது நானு, நெய்ச்சோறு போட்டதும் நானு. என்னப் புடிச்சே ஆப்புல உக்கார வச்சிட்டீங்களேம்மா” என்றார்.

“நீங்க சொன்ன பக்கத்தத்தான ஹாஜியார் ஜெயிக்க வச்சேன்?”

“பேசத் தெரிஞ்ச பொம்பளகிட்ட வாயக் குடுத்தது என் தப்பு” என்று சொல்லிச் சிரித்தார். நன்றாகத்தான் சிரித்தார்.

மறுநாள் இலை வாங்க வந்த பெண்களே மூட்டைகளைத் தூக்கி வெளியே வைத்தார்களாம். தலைமையாசிரியை தொலைபேசியில் சொன்னார். ஜூனில் உத்தரவும் வந்துவிட்டது. பதினோராம் வகுப்பைத் தொடங்கும் அன்றைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

அறைகளைக் கழுவி வெள்ளையடித்திருந்தார்கள். ஆனால் புகையிலைத் தூள் லேசில் போகிற சாமானா? மின்விசிறியைப் போட்டதும் உத்தரத்தின் இடுக்குகளிலிருந்து பொலபொலவென்று இறங்கியது. மைமூன்தான் முதலில் தும்மினாள். அதற்கப்புறம் பெஞ்சு பெஞ்சாகப் பரவிவிட்டது. தும்மியவர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று இறைவனைப் புகழ்ந்தால், அதைக் கேட்டவர் ‘யர்ஹமுகல்லாஹ்’ என்று, உனக்கு அவன் அருள் செய்யட்டும் என்று சொல்லியாக வேண்டும். அது அவர்கள் முறை. ஹாஜியார் வாசற்படியில் நின்றார். ஒரு பிள்ளை தும்மும், அல்ஹம்துலில்லாஹ் என்னும். இவர் யர்ஹமுகல்லாஹ் என்பார். அதற்குள் அடுத்தது தும்மும். மனிதர் ஒருத்தியைக்கூட விடவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் பக்கமாக முகத்தைத் திருப்பி, நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் பாடம் தொடங்க முடியாமல் சாக்பீஸோடு நின்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கண்ணிலும் தண்ணீர். “போதும் ஹாஜியார், வாங்க போவோம். டீச்சர் பாடம் நடத்தட்டும்” என்று பைய அவருடைய சட்டைக்கையைத் தொட்டேன்.

“சும்மா இருங்கம்மா” என்றார், கண்ணை எடுக்காமல். “கடேசி பெஞ்சுல ரெண்டு பிள்ளைங்க இன்னும் தும்மல.”